கூழ்ப் பானைக்கு ஒரு வாக்கெடுப்பு

என் அக்காவின் மகன் உதயனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தவன் நான். சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

அப்போது நான் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உதயன் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்து, எங்கள் வீட்டின் கீழறையில் தங்கிப் பல்கலைக்கழகம் போய்வந்தான். ஒருநாள் அவனுடைய மேசை லாச்சியில் ஒரு ஜாம் போத்தலைக் கண்டேன். உள்ளே கொஞ்சம் கஞ்சா. அவனை ஏசியிருக்கலாம். கூப்பிட்டு வைத்துக் கதைத்திருக்கலாம். நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பிழை செய்த பிள்ளையை அதிபரின் அறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது போலத்தான் அதை நினைத்தேன். அதிகாரி உறுக்குவார், மன்னிப்புக் கேட்க வைப்பார், பெடியன் பயந்து திருந்திவிடுவான். அவர்கள் கேட்காத கேள்விகளுக்கும் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர் இருவருக்கும் தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் அதைத் தொடவில்லை. உதயனின் கைகளைப் பின்னால் வைத்து விலங்கு மாட்டினார்கள்.

குற்றம் பதிவானது. பல்கலைக்கழகம் நீக்கியது. விசா போனது. ஊரில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் திரும்பிப் போக முடியாமல், எங்கெங்கோ அலைந்து பாரிசில் ஒதுங்கினான்.

அடுத்த கிழமையே இதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். அவன் வாய் திறப்பதற்கு முன் தொலைபேசியை எடுத்தேன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று உறவினரையும் ஊரவரையும் ஒவ்வொருவராக அழைத்து, “பெடியன் கஞ்சாவிலை விழுந்திட்டான், நான் எவ்வளவோ சொன்னன்” என்றேன். சில அழைப்புகளுக்குள் அந்த ஜாம் போத்தல் பெரிய வியாபாரமாக வளர்ந்துவிட்டது. முதல் பிழையை விளங்காமல் செய்தேன். இரண்டாவதை, மருமகனின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வராமலிருக்கச் செய்தேன். அக்கா அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் மாநிலத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சட்டசபை ஒரு சட்டத்தைச் செய்யாமல் இழுத்தடித்தால் குடிமக்களே அதை எழுதலாம். போதிய வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால், தேர்தலன்று அது வாக்குச்சீட்டில் வந்து நிற்கும். சனம் வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். வளர்ந்தவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை என்று மேற்கே சில மாநிலங்கள் அப்படித்தான் முதலில் சட்டம் செய்தன. பிறகு எங்கள் முறை வந்தது. ஓய்வுபெற்றிருந்த நான், பலகையில் தாளைச் சொருகிக்கொண்டு நூலகத்துக்கு வெளியே நின்றேன். அதே கழுத்துப்பட்டிதான். “இந்த முகமா கஞ்சாவுக்கு?” என்று சிரித்துக்கொண்டே பலர் கையெழுத்திட்டார்கள். சட்டம் நிறைவேறியது. இப்போது நெடுஞ்சாலையில் கஞ்சாக் கடைகளின் விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாதிரியாரின் மனைவி முழங்கால் நோவுக்கு அங்கேதான் இனிப்பு வாங்குகிறார்.

பழைய சிறு குற்றங்களின் பதிவை நீதிமன்றம் அழிக்கலாம் என்றும் பின்னர் சட்டம் வந்தது. ஆனால் உரியவர்தான் கேட்க வேண்டும். உதயனுக்கு எழுதினேன். பதில் இல்லை. அதனால், வரும் நாளை மட்டும் இன்னொரு கடிதத்தில் அறிவித்துவிட்டு, விண்ணப்பத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நேரே பாரிசுக்குப் புறப்பட்டேன்.

முதல் நாளே பாரிஸ் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. உதயனின் வீடு லா கூர்னெவில். விமானநிலையத்திலிருந்து வரும் ரயிலில் ஏறினேன். அது லா கூர்னெவில் நிற்காமல் பறந்துபோய், நகரின் நடுவே ‘கார் து நோர்’ ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது. எதிர்ப்பக்க ரயிலில் ஏறினேன். அதுவும் வேக ரயில். சிறிது நேரத்தில், காலையில் நான் கடவுச்சீட்டு நீட்டிய அதே விமானநிலையத்தில் மறுபடி நின்றேன். கடைச்சாமான் இழுக்கும் சக்கரப் பையோடு இருந்த ஓர் ஆபிரிக்க அம்மா என் பெட்டியைப் பார்த்து, “அதற்குள் ஊருக்கா? பாரிஸ் பிடிக்கவில்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் சகபாடி ஒருவரிடம் பொழுதுபோக்காகக் கற்ற பிரெஞ்சில் என் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சரியான ரயிலில் என்னோடு ஏறி, லா கூர்னெவ் வந்ததும் “இப்போது! இறங்குங்கள்!” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

ரயில் மேடையில் உதயன் நின்றான். நான் கடைசியாகப் பார்த்தபோது முடி தோளில் கிடந்தது. இப்போது தலையில் ஒன்றுமில்லை, தொப்பை இருந்தது. நான் மனப்பாடம் செய்து வந்த முதல் வசனத்தைத் தொடங்கும் முன் அவன் முந்திக்கொண்டான்.

“மாமா, திரும்ப விமானநிலையத்திலை நிக்கிறன் எண்டு போன் எடுக்கிறியள். வந்த உடனையே கோவிச்சுக்கொண்டு போறாரோ எண்டு வதனி கேட்டவள்” என்றபடி என் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

வதனி அவன் மனைவி. மேசையில் இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, குழம்பு துடைக்க நீளப் பாண். என் வீட்டில் நான் தனியே சாப்பிடுவது டின் சூப். நான் சாப்பிடாமல் எழுந்து நின்று, செய்த இரண்டு பிழைகளையும் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரல் போலக் கேட்டது.

“மாமா, கணவாய் ஆறினா றப்பர் மாதிரி வரும். இருங்கோ, சாப்பிடுங்கோ” என்றான் உதயன்.

சாப்பிட்டேன். பிறகு விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். மாநிலத்துப் பதிவுதான் அழியும், அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மத்திய அரசுடையது, அந்தக் கதவு திறக்குமென்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“அங்கை ஆர் போகப் போறது? நீங்கள் இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்ததுக்காகப் போடுறன்” என்று வாசிக்காமலே கையெழுத்திட்டான். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான். இவ்வளவு வருடம் நான் பயந்த காரியம் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு பாரமும் இறங்கவில்லை.

வதனி கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இவர் ஒண்டும் சொல்லமாட்டார். நான் சொல்லுறன். அங்கத்தைய பதிவு கிடக்கட்டும் மாமா. இஞ்சத்தைய பதிவை ஆர் அழிக்கிறது?”

இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கூட்டம் வைத்து, பிறகு பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சிக் குடிப்பார்கள். என் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அந்தச் சங்கம் ஒரு விதி போட்டது. போதைப்பொருள் விவகாரத்தில் பிடிபட்டவர் உறுப்பினராக முடியாது. விதியில் பெயர் இல்லை. ஆனால் பிடிபட்டவன் ஒருவன்தானே இருந்தான். வதனி உறுப்பினர். அவன் வதனியின் விருந்தாளி.

“பாரிசிலை பெரிய றெஸ்ரோறண்டிலை இவர்தான் குசினிக்கு முதலாள். வெள்ளைக்காரர் வரிசையிலை நிண்டு சாப்பிடுறாங்கள். எங்கட சனம் மட்டும் கூழ்ப் பானைக்குக் கிட்ட விடாது. மரவள்ளி சீவலாம், நண்டு உடைக்கலாம், பானை கழுவலாம். அகப்பை பிடிக்கேலாது. ஒருக்கா ஆரோ, ‘உதயன் காய்ச்சினா நாங்கள் எல்லாரும் பறக்க வேண்டியதுதான்’ எண்டு பகிடி விட்டவை. இவரும் சேந்து சிரிச்சார். வீட்டை வந்து சாப்பிடேல்லை.”

கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றாள்.

அடுத்த நாள் காலை, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போனேன். மெத்ரோ ரயில் நிலையப் படியிறங்கியதும் மல்லிகையும் பொரித்த மிளகாயும் ஒன்றாக மணத்தன. முருங்கைக்காய்க் கட்டுகள் நடைபாதையில் சாய்ந்து நின்றன. ஆண்கள் கூட்டம் கூட்டமாக நின்று, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதவர்கள் போலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சிகனில் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும். இங்கே ஒரு கடையின் வாசலில் மற்றக் கடை தொடங்குகிறது. மேம்பாலத்துக்குக் கீழே கள்ளச் சிகரெட் விற்ற இளைஞர்களில் ஒருவன் என் காதருகே வந்து, வேறு சாமானும் இருக்கிறது என்றான். “ரசீது தருவீர்களா?” என்று பிரெஞ்சில் கேட்டேன். மிச்சிகனில் தருவார்கள். அவன் திகைத்துப் போனான். அவனுடைய தோழன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சங்கத் தலைவர் பாலா ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் என்னிடம் படித்தவர். அந்தக் காலத்தில் பாரிசில் என் தொலைபேசி அழைப்பை எடுத்ததும் அவர்தான். கண்டதும் அரிசி மூட்டைமேல் துண்டு விரித்து உட்கார வைத்து, சூடான மட்டன் ரோல் ஒன்றைக் கையில் தந்தார்.

“மாஸ்டர்! எங்கட போஷகர் நேரை வந்திருக்கிறார்!”

நான் அந்தச் சங்கத்தின் போஷகர், அதாவது பெயருக்கு ஒரு புரவலர், என்பதே எனக்கு மறந்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். வந்த காரியத்தைச் சொன்னேன். விதியை எடுத்துவிடும்படி கேட்டேன்.

பாலாவின் முகம் சுருங்கியது. “நீங்கள்தானே மாஸ்டர் சொன்னனீங்கள். உங்கட சொல்லை நம்பித்தான் போட்டது. இப்ப நீங்களே எடு எண்டா, சனம் என்னைக் கேக்காதோ?”

“நான் சொன்னது பொய் பாலா.”

“பொய்யோ மெய்யோ, தலைவர் தனிய எடுக்கேலாது. சங்கத்தின்ரை யாப்பு விதியிலை இருக்கு. மூண்டிலை ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து வைச்சுக் கேட்டாத்தான் கூட்டத்துக்கு வரும். பிறகு வாக்கு.” அவர் கையை விரித்தார். “இந்த ஞாயிறுக்குள்ளை ஆர் ஓடித் திரிஞ்சு கையெழுத்து வாங்குறது?”

நான் ரோலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்றக் கையெழுத்து வாங்கியவனிடம் இப்படிக் கேட்கலாமா? “உம்மட்டை ஒரு பலகை இருக்கோ? கிளிப் வைச்சது?” என்றேன்.

அன்று மதியத்துக்குள் ஒரு தாள் நிரம்பிவிட்டது. நூலக வாசலில் நாள் முழுக்க நின்றாலும் அவ்வளவு கிடைக்காது. தேநீர்க் கடையில் பலகையை நீட்டினேன், எழுதினார்கள். முடிவெட்டும் கடையில் நீட்டினேன், போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து எழுதினார்கள். எங்கள் சனத்தின் நல்ல மனதை நினைத்துப் பூரித்துப் போனேன்.

மாலையில் வதனி தாளைப் பார்த்தாள். “மாமா, இவை எல்லாரும் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சவை?”

அவள் சிலரைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லாச்சப்பலில் யாராவது பலகை நீட்டினால் அது நாட்டுப் பிரச்சினைக்கான மனு, அல்லது கோயில் தேர். வாசித்துக்கொண்டு நின்றால் மரியாதைக் குறைவு. பொபினியிலிருந்து வந்திருந்த மணியக்கா தேருக்கு என்று வைத்திருந்தார். இன்னொருவர் மெத்ரோ படிக்கட்டைத் திருத்த என்று வைத்திருந்தார். நான் மிச்சிகன் சட்டத்தைப் பற்றி உற்சாகமாக விளக்கிய இரண்டொருவர்தான் விஷயம் தெரிந்து வைத்தவர்கள் என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. பாலாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

“மாஸ்டர், உங்களுக்கு விசரோ? லாச்சப்பலிலை கஞ்சாக்கடை திறக்க மாஸ்டர் கையெழுத்துச் சேர்க்கிறாராம் எண்டு சனம் கதைக்குது! ஒருத்தர் வந்து, பக்கத்துக் கடை வாடகைக்கு வருமோ எண்டு என்னைக் கேக்கிறார்!”

உதயன் குசினியிலிருந்து வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நான் வந்தபிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான். “விடுங்கோ மாமா. கையெழுத்து இருக்குத்தானே. குடுத்திடுங்கோ.”

நான் தாளைக் கிழித்தேன். மிச்சிகனில் ஒவ்வொருவருக்கும் எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். விளங்காமல் வைத்த கையெழுத்து எந்த ஊரிலும் கையெழுத்தில்லை. ஆனால் விளக்குவது என்றால் ஒரே வழிதான் இருந்தது. உதயன் யார், என்ன செய்தான், யார் பிடித்துக் கொடுத்தது, யார் ஊரெல்லாம் கதை பரப்பியது என்று முழுவதையும் சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து அதைத்தான் செய்தேன். முதல் ஆள் முடிவெட்டும் கடைக்காரர். முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, “நீங்களோ மாஸ்டர்?” என்றார். பிறகு, “நானும் ஒருக்கா என்ரை தம்பியை…” என்று தொடங்கி, நாற்காலியில் ஆள் காத்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, கையெழுத்து வைத்தார். அடுத்து சேலைக்கடை. அடுத்து பூக்கடை. ஒருகாலத்தில் தொலைபேசியில் ஒரே மூச்சில் பரப்பியதை, இப்போது கடை கடையாக ஏறி இறங்கித் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. சிலர் என்னைப் பார்த்த பார்வை நெஞ்சைச் சுட்டது. இருந்தாலும், உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருடங்களில் இவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததில்லை. ஒவ்வொரு கடையிலும் தேத்தண்ணி தந்தார்கள். அன்றிரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

உதயன் வேலை செய்யும் இடத்தில் பாத்திரம் கழுவும் வன்னிப் பெடியன் ஒருவன் வேலை முடிந்து வந்து, பலகையைக் கேட்டான். “உதயண்ணைதான் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். எங்கை வைக்கிறது?” எங்கள் ஊர்க்காரர் மட்டுந்தான் வைக்கலாம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப உங்கட ஊர்க்காரர் இருக்கிற இடத்தைச் சொல்லுங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்.” ஸ்தேனிலிருந்தும் பொபினியிலிருந்தும், வேலைக்குப் போகிற வழியில் மறித்து, நாலைந்து பேரை உண்மையிலேயே கொண்டுவந்து சேர்த்தான்.

மணியக்காவைக் கோயிலடியில் மறுபடி கண்டேன். என்னை விடச் சில வயது இளையவர். யாருக்கும் பயப்படாத வாய். முழுக் கதையையும் கேட்டார். பேனாவை வாங்கினார். பிறகு மூடித் திருப்பித் தந்தார்.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் தாள்களைப் பாலாவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, சந்தா கட்டாத சிலரை வெட்டினார். வெட்டியும் போதுமாக இருந்தது. “வாக்கிலை தோத்தா என்னைக் குறை சொல்லக்கூடாது மாஸ்டர்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஸ்தேனில் ஒரு வாடகை மண்டபத்தில். பின்முற்றத்தில் வாயு அடுப்பு, மரவள்ளி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மீன், இறால், நண்டு. உதயன் விடியவே வந்து எல்லாவற்றையும் வெட்டி அடுக்கிவிட்டு, மண்டபத்துக்குள் வரமாட்டேன் என்று நண்டோடு முற்றத்தில் இருந்துவிட்டான். உள்ளே வதனி என் பக்கத்தில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்று தோற்றால் உதயன் இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று காலையில் சொல்லியிருந்தாள்.

பிரேரணையை வாசித்தேன். ஒருவர் எழுந்தார். “மாஸ்டர், உங்கட நாட்டிலை சட்டம் மாறினா பிழை சரியாகிடுமோ? இஞ்சை பிரான்சிலை இண்டைக்கும் அது குற்றம். எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு.”

நியாயமான கேள்வி. “அது நல்ல சாமான் எண்டு சொல்ல நான் வரேல்லை” என்றேன். “ஒரு ஜாம் போத்தலுக்காக ஒருத்தனை வாழ்நாள் முழுக்கத் தண்டிக்கக்கூடாது எண்டுதான் அங்கை சனம் வாக்குப் போட்டது. இஞ்சை அவனைத் தண்டிச்சுக்கொண்டிருக்கிறது பிரெஞ்சு அரசாங்கமில்லை. நாங்கள்தான்.”

பாலா கையை உயர்த்தச் சொன்னார். நான் தடுத்தேன். சொந்தக்காரர் முகம் பார்த்துக் கை தூக்கக்கூடாது, இரகசிய வாக்கு வேண்டும் என்றேன். பெட்டி இல்லை என்றார் பாலா. வதனி எழுந்து வெளியே போய், கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் தொம்மென்று வைத்தாள்.

அந்த நேரத்தில் மணியக்கா எழுந்து நின்றார்.

“வாக்குப் போட முன்னம் நான் ஒரு திருத்தம் கொண்டு வாறன். எங்கட பெரியப்பா கலியாண வீட்டு இறைச்சிக் கறிக்குள்ளை அந்த இலையைக் கிள்ளிப் போடுவார். சாப்பிட்ட ஒருத்தரும் கெட்டுப் போகேல்லை. மாப்பிள்ளை மட்டும் விடியுமட்டும் சிரிச்சுக்கொண்டிருந்தவர்.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “மாஸ்டர் பெடியனைப் பொலிசிலை குடுத்தது விசர்த்தனம். விசர் எல்லாருக்கும் வரும். ஆனா போன் எடுத்து ஊர் ஊராய்ச் சொன்னது விசரில்லை. அதை அறிஞ்சு செய்தவர். அதாலை, அந்தப் பழைய விதியை எடுத்துப்போட்டு, சொந்தக்காரரின்ரை பேரை ஊரெல்லாம் கெடுக்கிறவை சங்கத்திலை இருக்கேலாது எண்டு போடவேணும்.”

“மணியக்கா, அப்பிடிப் போட்டா சங்கத்திலை ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே இடிந்து விழுவது போல் சிரித்தது. பாலாவும் சிரித்துவிட்டு, தலைவர் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு திருத்தம் இப்படி முடிந்தது: தானே ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு. அந்தக் கணக்கில் வருகிறவன் மண்டபத்தில் நான் ஒருவன்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாலா என்னைச் சங்கடத்தோடு பார்த்தார். “போஷகர் என்ன சொல்லுறியள்?”

“நல்ல திருத்தம்” என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதில்லை. நான் தேடி வந்த தண்டனை அளவாகத் தைத்த சட்டை போல வந்து பொருந்தியது.

சீட்டுகளை மடித்துப் பானைக்குள் போட்டார்கள். பாலா பானைக்குள் தலையை விட்டு எண்ணினார். எதிர்ச் சீட்டுகளும் இருந்தன. ஒன்றில் “பசிக்குது” என்று மட்டும் எழுதியிருந்தது. அது செல்லாது என்று தள்ளினார். மீதியில் பெரும்பகுதி எங்கள் பக்கம். வதனி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாலா அகப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வதனி பானையைத் தூக்கிக்கொள்ள, எல்லோரும் பின்னால் போனோம். உதயன் கைநிறைய நண்டு ஓடுகளோடு நிமிர்ந்தான்.

“ஏன் அண்ணை வதனி பானையைத் தூக்கிக்கொண்டு போனவள்? நான் எப்ப தண்ணி கொதிக்க வைக்கிறது?”

“வென்றிட்டாய்” என்று பாலா அகப்பையை நீட்டினார். “கூழ் பிழைச்சுதோ, திரும்பக் கூட்டம் வைப்பன்.”

உதயன் அகப்பையை வாங்கவில்லை. முதலில் கையைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான், குழாய்ப் பக்கம் திரும்பியபடி. பிறகு வாங்கினான்.

நான் பல நாடுகளில் பெரிய சமையற்காரர்கள் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று அவன் அந்தப் பானையைச் சுற்றி நடந்ததைப் போல யாரும் நடந்து பார்த்ததில்லை. மரவள்ளி வெந்ததும் மீன், பிறகு நண்டு, கடைசியில் புளியும் அரைத்த மிளகாயும், கரைத்த ஒடியல் மாவும். வயதில் மூத்த பெண்கள் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னார்கள். “தள்ளி நில்லுங்கோ அக்கா, பறந்திடுவியள்” என்றான் அவன். இந்த முறை அந்தப் பகிடி அவனுடையது.

காகிதக் கோப்பைகளோடு வரிசை நின்றது. உறுப்பினர்கள் முன்னால், விருந்தாளிகள் பின்னால் என்பது சங்கத்தின் வழக்கம். என் இடம் எது என்று எனக்குத் தெரியும். கடைசியில், வன்னிப் பெடியனுக்கும் பின்னால் போய் நின்றேன். என் முறை வந்தபோது உதயன் அகப்பையை அடிவரை விட்டு, ஒரு முழு நண்டுக் காலோடு கோப்பையை நிரப்பினான்.

“மாமா, அடுத்த வருசம் உங்களைத் திரும்பச் சேர்க்கிறதுக்குக் கையெழுத்து வாங்க வேணும்.”

“ஆர் வாங்குறது?”

“நான்தான். ஆனா சும்மா வாங்கமாட்டன். கடை கடையா ஏறி, முழுக் கதையையும் சொல்லித்தான் வாங்குவன்.”

அவன் கண்கள் சிவந்திருந்தன. மிளகாய்ப் புகை என்றான். என் கண்ணும் அப்படித்தான் இருந்தது. கூழ் நாக்கைச் சுட்டது. நின்ற நிலையிலேயே குடித்து முடித்து, கோப்பையை மறுபடி நீட்டினேன். பாலா குறுக்கே கையை வைத்தார்.

“உறுப்பினர்கள் குடிச்சு முடியட்டும், மாஸ்டர்.”

சுவரோரமாக ஒதுங்கி நின்று காத்திருந்தேன்.